முப்பத்தைந்து கிலோ

மெட்ராசிலிருந்து டிரங்க் கால் வந்தால் டாக்டர் கல்யாணராமன் எழுந்து நின்றுகொண்டுதான் பேசுவார். பேசுவது என்ன பேசுவது, "சரி சார், சரி சார்" என்று கேட்டுக்கொள்வதுதான். அன்றைக்கும் அப்படித்தான் கேட்டு முடித்து, ரிசீவரை வைத்துவிட்டு நெற்றியைத் தேய்த்தபடி, வாசலில் நின்ற முத்துவடிவைப் பார்த்தார்.

"பொம்பளைங்க வேணுமாம்," என்றார்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தார். முத்துவடிவுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. பண்பொழி கிராமம்வரை போய்விட்டு அப்போதுதான் பஸ்ஸிலிருந்து இறங்கியிருந்தாள். முழங்கால் இரண்டும் தனித்தனியாக வலித்தன.

அது எழுபத்தொன்பதாம் வருஷத்து ஆனி மாதம். தென்காசியில் ஒரு வாடகைக் கட்டிடத்தில் இருந்த அந்த டி.பி. கிளினிக்கை ஊர்க்காரர்கள் சளி ஆஸ்பத்திரி என்பார்கள். காசநோய்க்கு அதுவரைக்கும் ஊசிதான். ஒன்றரை வருஷம் விடாமல் வந்து குத்திக்கொள்ள வேண்டும். எவன் வருவான்? பாதியில் விட்டவர்கள்தான் அதிகம். இப்போது ஆறே மாதத்தில் குணமாக்கும் சிவப்பு மாத்திரை ஒன்று வந்திருந்தது. கடையில் வாங்கலாம் என்றால் தங்க விலை. மருந்தை நோயாளிகளுக்குக் கொடுத்துச் சோதித்துப் பார்க்கிற ஊர்களில் தென்காசியும் ஒன்று. சோதனையில் பெயர் சேர்ந்தால் மாத்திரை இனாம். சேராவிட்டால் பழைய ஊசி.

சேர்ந்தவர்கள் எல்லாம் ஆண்கள். மில்லில் வேலை பார்க்கிறவன், மூட்டை தூக்குகிறவன், திருவேங்கடத்துப் பக்கமிருந்து வருகிற கரிசக்காட்டு விவசாயி என்று வரிசையாக மீசைகள். பெண்களை விரல் விட்டு எண்ணிவிடலாம், விரலும் மிச்சப்படும்.

"ஆம்பளை உடம்புல மட்டும் சோதிச்சுட்டு ஊருக்கெல்லாம் எப்படிக் குடுக்கறதுன்னு கேக்கறாங்க," என்றார் டாக்டர். "நியாயமான கேள்விதான்."

"நான் போன வருசமே கேட்டேன் சார்."

"கேட்டீங்க," என்று ஒத்துக்கொண்டார். நல்ல மனுஷன். ஆனால் அவருக்கும் அலுப்புதான். மெட்ராசில் வீடும் குடும்பமும், தென்காசியில் மெஸ் சாப்பாடும் என்று காலம் தள்ளுகிறவர்.

முத்துவடிவு அங்கே ஹெல்த் விசிட்டர். வீடு வீடாகப் போய் இருமுகிறவர்களைக் கண்டுபிடித்துக் கூட்டி வருவதும், வராமல் நின்றவர்களைத் தேடிப் போய்த் தொண்டைத் தண்ணி வற்றக் கத்துவதும் அவள் சோலி. நாற்பது தாண்டிவிட்டது. குடையும் தோல்பையுமாக அவள் தெருவுக்குள் நுழைந்தால் பாதிக் கதவு சாத்திக்கொள்ளும். வியாதி வந்தவளைத் தேடித்தான் இவள் வருவாள் என்று ஊருக்கே தெரியுமே!

பெண்கள் வராமலா இருந்தார்கள்? வந்தார்கள். வந்து என்ன பிரயோஜனம்? சளியைப் பரிசோதிக்க ஒரு டப்பா கொடுப்பார்கள். ஆண்கள் வராந்தாவில் நின்று, அடிவயிற்றிலிருந்து காறி, தெருமுனை டீக்கடைவரை கேட்கிற மாதிரி துப்பிக் கொடுப்பார்கள். பெண்கள் சுவர்ப் பக்கம் திரும்பி, முந்தானைக்குள் டப்பாவை வைத்து, உதட்டு நுனியால் மெல்ல ஒரு "த்து". அவ்வளவுதான். அது எச்சில். எச்சிலில் கிருமி எங்கே இருக்கும்? மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டுக் கிருமி இல்லை என்பார்கள். கிருமி இல்லாதவளுக்குச் சோதனையில் இடமில்லை. அவளும் பெரிய நிம்மதியோடு வீட்டுக்குப் போய் இருமுவாள்.

வீட்டில் வைத்து எடுக்கச் சொன்னாலும் நடக்கவில்லை. ஒற்றை அறை, அதில் மாமனார் படுத்திருப்பார். விடிகாலையில் மருமகள் காறுகிற சத்தம் கேட்டால் மதியத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிடும், சாயங்காலம் அவள் பீடி சுற்றிக் கொடுக்கிற கடைக்கும் போய்விடும். இருமுகிறவள் சுற்றிய பீடியை எவன் வாங்குவான்? கடைக்காரன் இலையும் புகையிலைத் தூளும் கொடுப்பதை நிறுத்திவிடுவான்.

இராமலட்சுமி விஷயமும் அதேதான். மேலகரத்துக்காரி. இருபத்தைந்து வயது இருந்தால் அதிகம். புருஷன் பேச்சிமுத்து தென்காசி சந்தையில் மூட்டை தூக்குகிறான். ஒரே ஒரு பெண் பிள்ளை, நடை பழகி ஓடுகிற வயது. இராமலட்சுமி மடியில் தட்டை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டே, இருமல் வரும்போதெல்லாம் வாயை முழங்காலில் வைத்து அமுக்கிக்கொள்வாள். தோள்பட்டை எலும்பு ரவிக்கைக்கு மேலே துருத்திக்கொண்டிருக்கும். இரண்டு தடவை கிளினிக்குக்கு வந்து இரண்டு தடவையும் எச்சிலைக் கொடுத்துவிட்டுப் போனாள்.

இவளை விடுவதற்கு முத்துவடிவுக்கு மனசு வரவில்லை. காரணம் உண்டு. இராமலட்சுமியின் சொந்த அக்கா இதே வியாதியில் இரண்டு வருஷத்துக்கு முன்னால் செத்துப்போனாள். ஊசி போடுகிற நாளும் பீடிக்கடையில் கணக்குக் கொடுக்கிற நாளும் ஒன்றாக வந்து விழ, அவள் ஊசியை விட்டுவிட்டுக் கடைக்குப் போனாள். முத்துவடிவு நடையாய் நடந்தாள், கெஞ்சினாள், வைதாள். கடைசியில் கருமாதிக்குத்தான் போக முடிந்தது. அங்கே ஒரு மூலையில் இந்த இராமலட்சுமி இருமிக்கொண்டிருந்ததை அன்றைக்கே கவனித்தாள். இவளையும் அப்படி வாரிக் கொடுத்துவிடக் கூடாது என்பது ஒன்றுதான், அலுத்துச் சலித்துப் போன அந்த மனசில் அலுக்காமல் கிடந்தது.

வழி, தேடாத இடத்தில் கிடைத்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் முழங்காலுக்கு இதமாக இருக்கும் என்று குற்றாலத்துக்குக் குளிக்கப் போனாள். சாரல் நன்றாகப் பிடித்திருந்தது. பேரருவியில் பெண்கள் பக்கம் நெருக்கியடித்துக்கொண்டு நின்றபோது, பக்கத்தில் ஒருத்தி அடித்தொண்டையிலிருந்து காறித் துப்பினாள். அந்தப் பக்கம் இன்னொருத்தி மூக்கைச் சிந்தினாள், இருமினாள், ஏப்பம் விட்டாள். வீட்டில் தும்மக்கூட யோசிக்கிறவர்கள்! தண்ணீர் விழுகிற சத்தத்தில் யாருக்கு என்ன கேட்கும்? ஆண்கள் பக்கம் கம்பிக்கு அந்தாண்டை இருக்கிறது.

முத்துவடிவு தலையைக்கூடச் சரியாகத் துவட்டாமல் பஸ் ஏறினாள்.

"அருவியிலயா?" என்றார் டாக்டர்.

"குளிக்க வைக்க மாட்டேன் சார். ஓரமா படியில உக்கார வச்சு இரும வைக்கேன். அங்கன எவன் காதுலயும் விழாது."

அவர் சிரித்தார். அந்த ஊருக்கு வந்த பிறகு அவர் சிரித்து முத்துவடிவு பார்த்தது அன்றைக்குத்தான். "கூட்டிட்டுப் போங்க," என்றார்.

அடுத்த வாரம் ஒயர் கூடையில் டப்பாக்களை அடுக்கி, மேலே மாற்றுத்துணியைப் போட்டு மூடி, மேலகரத்திலிருந்து ஏழு பெண்களை அழைத்துக்கொண்டு போனாள். வீட்டில் கேட்டால் அருவிக்குப் போகிறோம் என்று சொல்லிவிடலாம். பொய்யும் இல்லை. இராமலட்சுமி படியில் உட்கார்ந்து டப்பாவை வெறித்துப் பார்த்தாள்.

"இருமுட்டி! சும்மா இருமு! வயித்தைப் பிடிச்சிக்கிட்டு இருமு!" என்று முத்துவடிவு அவள் காதருகே கத்தினாள்.

முதலில் கொஞ்சம் இருமினாள். பிறகு இன்னும் கொஞ்சம். அப்புறம் எத்தனையோ மாதமாக முழங்காலில் அமுக்கி அமுக்கி வைத்திருந்ததெல்லாம் சேர்ந்துகொண்டு வந்தது. முகம் சிவந்து கண்ணில் நீர் வழிய இருமினாள். முத்துவடிவு முதுகைத் தடவிக்கொண்டு நின்றாள். முடிந்ததும் இராமலட்சுமி டப்பாவை மூடிக் கொடுத்து, "எக்கா, நெஞ்சுல இருந்த பாறை இறங்குன மாதிரி இருக்கு," என்று சொல்லிச் சிரித்தாள். அவள் பல் வரிசை அழகாக இருப்பதை முத்துவடிவு அன்றைக்குத்தான் பார்த்தாள்.

ஏழு பேரில் ஐந்து பேருக்குக் கிருமி இருந்தது. வியாதி உறுதியானதற்குச் சந்தோஷப்படுகிற உத்தியோகம் இதைத் தவிர வேறென்ன இருக்கும், சொல்லுங்கள்! சாரல் முடிகிறவரை வாராவாரம் அருவிக்குப் போனாள். பண்பொழியிலிருந்துகூட ஆட்கள் வந்தார்கள்.

சளியில் ஜெயித்தவர்கள் எடையில் மாட்டினார்கள்.

சோதனையில் சேர முப்பத்தைந்து கிலோவாவது இருக்க வேண்டும் என்பது விதி. முதலில் ஏறிய மூன்று பெண்களில் இரண்டு பேர் முப்பத்துமூன்றைத் தாண்டவில்லை. போகச் சொல்லிவிட்டார்கள்.

முத்துவடிவு டாக்டரிடம் போய் நின்றாள். "எதுக்கு சார் அந்த முப்பத்தைஞ்சு?"

"அதுக்குக் கீழ இருக்கறவங்களுக்கு எவ்வளவு மருந்து கொடுக்கறதுன்னு தெரியாதும்மா. ஜாஸ்தியானா கல்லீரலை அடிச்சிடும்."

"ஏன் தெரியாது?"

"இதுக்கு முன்னால சோதிச்சவங்க எல்லாரும் அதுக்கு மேல இருந்தவங்க."

"ஆம்பளையாளுவ."

"ஆமா." அவர் பேனாவை மூடினார். "புரியுது. ஆனா விதியை நான் போடலை."

அப்போது இராமலட்சுமி வராந்தாவில் தன் முறைக்காகக் காத்திருந்தாள். திருப்பி அனுப்பப்பட்ட இரண்டு பேரும் அவளைத் தாண்டித்தான் போனார்கள். அவள் எழுந்து வந்து, "எக்கா, பிள்ளைய அடுத்த வீட்ல விட்டுட்டு வந்துட்டேன், நாளைக்கு வாரேன்," என்று சொல்லிவிட்டு விடுவிடென்று போய்விட்டாள்.

மறுநாள் நல்ல சாரல். அவள் தொப்பலாக நனைந்து வந்தாள். அந்த மாதத்தில் தென்காசியில் யார்தான் நனையாமல் வந்தார்கள்? நர்ஸ் நனைந்திருந்தாள், டாக்டரின் குடை ஒரு மூலையில் ஒழுகிக்கொண்டிருந்தது. இராமலட்சுமி ஏறி நின்றாள். முள் முப்பத்தாறில் நின்றது. முத்துவடிவுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. "தப்பிச்சேட்டி!" என்று அவள் கன்னத்தைக் கிள்ளினாள். அடுத்தடுத்த நாட்களில் வந்த மேலகரத்துப் பெண்கள் எல்லாருமே தப்பித்தார்கள். மெட்ராசுக்குத் தகவல் போயிற்று. டிரங்க் காலில் முதல் தடவையாக டாக்டர் உட்கார்ந்துகொண்டு பேசினார்.

மாத்திரை ஆரம்பித்தது. ஒன்றுக்குப் போனால் செக்கச்செவேல் என்று போகும், பயப்படாதே என்று முன்னாலேயே சொல்லிவைத்திருந்தாள் முத்துவடிவு. இராமலட்சுமி பயப்படவில்லை. இருமல் மட்டுப்பட்டது, சாயங்காலக் காய்ச்சல் நின்றது. "எக்கா, தட்டுல கை ஓடுது," என்று சந்தோஷமாகச் சொன்னாள். அப்புறம் சாப்பாடு பிடிக்கவில்லை என்றாள். வாந்தி எடுக்கிறது என்று அவள் சொல்லவில்லை. பேச்சிமுத்துதான் ஒருநாள் கிளினிக் வாசலில் வந்து நின்று, "நர்சம்மா, அவ கண்ணு என்னமோ மாதிரி இருக்கு," என்றான்.

முத்துவடிவு கையிலிருந்ததை அப்படியே போட்டுவிட்டு மேலகரத்துக்கு ஓடினாள். முழங்காலாவது ஒன்றாவது. இராமலட்சுமி பாயில் சுருண்டு கிடந்தாள். கண் மஞ்சள், நகம் மஞ்சள், உள்ளங்கை மஞ்சள். தலைமாட்டில் அன்றைய மாத்திரை, விழுங்குவதற்குத் தண்ணீரோடு தயாராக இருந்தது. முத்துவடிவு மாத்திரையைப் பிடுங்கித் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

"எக்கா, அதைத் தாங்க," என்று அவள் கையை நீட்டினாள். "விட்டா பேரை எடுத்துருவாவ."

தென்காசி பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். உயிர் இருக்குமா போகுமா என்று சில நாள் ஊசலாடியது. பேச்சிமுத்து பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலிலேயே கிடந்தான். தெளிந்து எழுந்து உட்கார்ந்த அன்றைக்கு அவளை எடை பார்த்தார்கள். இருபத்தொன்பது. வாந்தியில் இறங்கியிருக்கும் என்று நர்ஸ் சொன்னாள். ஏழு கிலோவா? முத்துவடிவுக்கு எங்கேயோ இடித்தது.

"ஏட்டி, உண்மையைச் சொல்லு. அன்னைக்கு எடைக்கு என்ன செஞ்ச?"

இராமலட்சுமி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு சொன்னாள்.

"நம்ம பீடிக்கடை ஏஜெண்டு தளவாய் அண்ணாச்சி தூளை எப்படி நிறுப்பாரு? தண்ணியத் தெளிச்சு, கனம் ஏத்தித்தான நிறுப்பாரு. நாங்க வீட்டுல கொண்டுவந்து காய வச்சா பாதிதான் இருக்கும். அதான் நானும்... கட்டின சேலைக்கு உள்ளார எங்க மாமியா கண்டாங்கிச் சேலையையும் சுத்திக்கிட்டு, வாய்க்கால்ல முங்கிட்டு வந்தேன். ஒரு செம்புத் தண்ணியும் குடிச்சேன். மழைதான, யாரு கேக்கப் போறாவன்னு..."

"மத்தவளுவ?"

"நான்தான் சொல்லிக் குடுத்தேன்."

முத்துவடிவு தலையில் கையை வைத்துக்கொண்டு கட்டிலிலேயே உட்கார்ந்துவிட்டாள். திட்ட வாய் வந்தது. சவம், யாரைத் திட்ட? இவளையா? ஈரத்தூளை நிறுத்துக் கொடுத்துப் பழக்கினவனையா? முள் எங்கே நிற்கிறது என்று மட்டும் பார்த்துச் சந்தோஷப்பட்ட தன்னையா?

டாக்டரிடம் சொல்லாமல் இருக்கலாம். யாருக்கும் தெரியப் போவதில்லை. சொன்னால் மேலகரத்துப் பெண்கள் அத்தனை பேருக்கும் மாத்திரை நின்றுபோகும். அருவிக்கு அலைந்ததெல்லாம் வீண். சொல்லாவிட்டால் நாளைக்கு இன்னொருத்தியின் கண் மஞ்சளாகும். அந்த வராந்தாவில் எவ்வளவு நேரம் நின்றாளோ, பிறகு போய்ச் சொல்லிவிட்டாள்.

எல்லாரையும் வரவழைத்து, உலர்ந்த சேலை கொடுத்து, மறுபடி நிறுத்தார்கள். இரண்டு பேரைத் தவிர எல்லாரும் முப்பத்தைந்துக்குக் கீழே. டாக்டர் கல்யாணராமன் பெயர்ப் பட்டியலை முன்னால் இழுத்து வைத்துக்கொண்டார்.

"தகுதியில்லாதவங்கன்னு பேரை எடுத்துடலாம்," என்றார். "அதுதான் சுலபம். கேள்வி வராது."

"சார்." முத்துவடிவின் குரல் உயர்ந்தது. இருபது வருஷ உத்தியோகத்தில் ஒரு டாக்டரிடம் அவள் குரலை உயர்த்தியதில்லை. "பொம்பளை வேணும் வேணும்னு உசுரை வாங்குனாவ. எங்கூர்ப் பொம்பளைன்னா இம்புட்டுத்தான் சார் இருப்பா. முப்பத்திரண்டு, முப்பத்துமூணுதான். வேற பொம்பளைக்கு நான் எங்கன போவேன்? இவளுவ பேரை எடுத்துட்டா, இவ கண்ணு மஞ்சளானதும் நடக்காத மாதிரியே போயிரும். அதுக்கா இவ செத்துப் பொழைச்சா?"

 அன்று சாயங்காலமே டாக்டர் உட்கார்ந்து நடந்ததை நடந்தபடியே மெட்ராசுக்கு எழுதினார். ஈரச் சேலை, மஞ்சள் காமாலை எல்லாம். எடை குறைந்த பெண்களுக்கு மருந்தைக் குறைத்துக் கொடுத்து, கூடவே வைத்துக் கவனிக்க அனுமதி கேட்டார். எடைகூடப் பார்க்கத் தெரியாதா என்று அங்கிருந்து நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். இழுத்தடித்து, ஒருவழியாக அனுமதி வந்தது. அடுத்த வருஷம் அவருக்கு மாற்றலும் வந்தது. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றுதான் சொன்னார்கள்.

குறைந்த மருந்தில் மற்ற பெண்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. நன்றாகக் குணமானார்கள். ஆனால் காமாலை கண்டவளுக்கு அந்த மாத்திரை கூடாது என்று அனுமதிக் கடிதத்தில் கண்டிப்பாக எழுதியிருந்தது. வழி காட்டியவளுக்கு மட்டும் பழைய ஊசி. ஒன்றரை வருஷம்.

"நீ கடைக்குப் போற நாள்ல ஆசுபத்திரிக்கு வர வேண்டாம். நான் வீட்டுக்கு வந்து போடுதேன்," என்றாள் முத்துவடிவு. சொன்னபடி வந்தாள். வெயிலோ மழையோ, கணக்குக் கொடுத்துவிட்டு அவள் திரும்புகிற நேரம் பார்த்து, மேலகரத்துக்கு நடந்து வந்து குத்திவிட்டுப் போனாள். அந்த ஊசி சிலருக்குக் காதை அடைக்கும். அதனால் ஒவ்வொரு தடவையும் கேட்பாள்.

"காது எப்படிட்டி இருக்கு? இரைச்சல் கிரைச்சல் உண்டா? தலை சுத்துதா?"

"நல்லா இருக்குக்கா."

ஒவ்வொரு தடவையும் அதே பதில். ஊசி முடியப்போகிற சமயம் ஒருநாள் முத்துவடிவு உள்ளே நுழைந்தபோது, இராமலட்சுமி வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். பின்னால் அவள் மகள் கீழே விழுந்து முழங்காலில் ரத்தத்தோடு, "எம்மா, எம்மா" என்று வீறிட்டு அழுதுகொண்டிருந்தாள். இராமலட்சுமியின் கை நிற்கவில்லை. நூலைச் சுற்றினாள், மடித்தாள், தட்டில் போட்டாள், அடுத்த இலையை எடுத்தாள்.

முத்துவடிவு அவள் தோளைத் தொட்டாள். அவள் தூக்கிவாரிப்போட்டுத் திரும்பி, பிள்ளையைப் பார்த்ததும் பதறி அள்ளிக்கொண்டாள்.

"ஏண்டி சொல்லலை? நான் கேட்டுக் கேட்டுச் செத்தேனே, ஏண்டி சொல்லலை?" என்று முத்துவடிவு கத்தினாள். இராமலட்சுமி அவள் உதட்டையே பார்த்தாள். எவ்வளவு நாளாக இப்படி உதட்டைப் பார்த்துப் பதில் சொல்லிவந்தாளோ!

"சொன்னா இந்த ஊசியையும் நிறுத்திப்போடுவீயன்னுதான்க்கா," என்றாள். குரல் தேவைக்கு மேல் உரக்க வந்தது. "பொறவு எனக்கு எந்த மருந்து இருக்கு?"

முத்துவடிவு வாசலிலேயே உட்கார்ந்து அழுதாள். தெருவில் போகிறவர்கள் பார்த்தார்கள், பார்க்கட்டும். எதற்கெடுத்தாலும் போ, போ என்று திருப்பி அனுப்பினால் மனுஷி மறைக்காமல் என்ன செய்வாள்? வியாதி போய்விட்டது. காதும் போய்விட்டது.

அப்புறம் இரண்டு மூன்று சாரல் வந்து போயிற்று. சோதனை முடிந்து, அந்தச் சிவப்பு மாத்திரை கிளினிக்கில் எல்லாருக்கும் கொடுக்கிற மருந்தாகிவிட்டது. அதோடு வந்த தாளில், முப்பத்தைந்து கிலோவுக்குக் கீழே இருப்பவர்களுக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று தனியாக ஒரு வரி இருந்தது. எந்த ஊர்ப் பெண்களை வைத்து அதைக் கண்டுபிடித்தார்கள் என்று அதில் இல்லை. முத்துவடிவு அந்த வரியை இரண்டு தடவை படித்துவிட்டுத் தாளை மடித்து வைத்தாள். மனசு குளிர்ந்ததா என்றால், இல்லை. முழங்கால் வலித்தது.

எண்பத்துமூன்றில் ஆடி மாதம், நல்ல சாரலில், இராமலட்சுமி கிளினிக்குக்கு வந்தாள். உடம்பு தேறியிருந்தது. கையில் ஒரு சின்னப் பெண்ணைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். அவள் தெருவுக்குக் கலியாணமாகி வந்த புதுப் பெண்ணாம். குச்சி மாதிரி இருந்தாள். வாயை முந்தானையால் பொத்திப் பொத்தி இருமினாள்.

முத்துவடிவு எடை மிஷினைக் காட்டினாள். அந்தப் பெண் ஏறப் போனாள். அவள் சேலையிலிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாக வழிந்து தரையில் ஓடியது. உள்ளே இன்னொரு சேலை இருப்பது தெரிந்தது. மேலகரத்தில் அந்தப் பாடம் இன்னும் மறக்கவில்லை போலிருக்கிறது.

முத்துவடிவு வாயைத் திறப்பதற்குள் இராமலட்சுமி புதுப் பெண்ணைப் பிடித்து நிறுத்திவிட்டாள். வராந்தாவிலேயே குனிந்து, அந்தப் பெண்ணின் முந்தானையையும் கொசுவத்தையும் முறுக்கிப் பிழிந்தாள். தண்ணீர் கொட்டியது.

"அந்த ரெண்டாவது சேலையை உருவி எறிஞ்சிட்டு ஏறுட்டி! இப்பம் மெலிஞ்சவளுக்கும் மருந்து உண்டு!"

தன் குரல் தனக்குக் கேட்காதவள் இல்லையா, ஊரே கேட்கிற மாதிரி கத்தினாள். பெஞ்சில் இருந்த ஆண்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு காலத்தில் இதே வராந்தாவில் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று, உதட்டு நுனியால் துப்பியவள். அவர்கள் பார்ப்பதை அவள் பார்த்தாள். பொருட்படுத்தவில்லை.

"இருமல் இருக்குன்னா காறித் துப்புட்டி, யாரு கேட்டா என்ன!" என்று இன்னும் உரக்கச் சொன்னாள்.

முத்துவடிவு உலர்ந்த துண்டை எடுத்து அந்தப் பெண்ணின் தோளில் போட்டு, உள்ளே அழைத்துப் போய் மாற்றுச் சேலை கட்டவைத்துக் கூட்டி வந்தாள். அவள் பயந்து பயந்து மிஷினில் ஏறினாள். முள் ஆடி, ஆடி, நின்றது.

முப்பத்தொன்று. முத்துவடிவு முப்பத்தொன்று என்றே எழுதினாள்.